பிறப்பறியா முன்னோர்: கான்சாகிபு வரலாறு கற்பிக்கும் ஆய்வு நெறி

முன்னுரை

ஒருவர் இறந்த நாளும் இடமும் ஐயமின்றித் தெரிந்திருக்க, அவர் பிறந்த ஆண்டும் ஊரும் பெற்றோர் பெயரும் தெரியாதிருப்பது நம் நாட்டு வரலாற்றில் அரிய செய்தியன்று. மதுரையையும் திருநெல்வேலிச் சீமையையும் ஆண்ட கும்மந்தான் கான்சாகிபு என்னும் முகம்மது யூசுப்கான் 1764ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். இதில் கருத்து வேறுபாடு இல்லை. அவர் எப்போது பிறந்தார், யாருக்கு மகனாகப் பிறந்தார் என்னும் வினாக்களுக்கோ இருநூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் உறுதியான விடை கிடைத்திலது.

தென்காசி, சுந்தரபாண்டியபுரம், கடையநல்லூர், செங்கோட்டை முதலிய ஊர்களிலிருந்து கல்வி பயில வரும் மாணவர்களிடம் "உம் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன?" என்று வினவினால், நால்வரில் ஒருவரேனும் விடை கூறுவது அரிது. பாட்டியின் தாய் பெயரை அறிந்தார் அதனினும் குறைவு. இந்நிலையில், புகழ்பெற்ற ஒருவரின் பிறப்பைத் தேடிய ஆய்வு எவ்விடத்தில் நின்றது, ஏன் நின்றது என்பதை அறிந்துகொண்டு, அதே நெறியை நம் வீட்டு முன்னோரைத் தேடவும் கைக்கொள்ளலாம். அதற்கு வழிகாட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கான்சாகிபும் ஆவணங்களும்

கான்சாகிபைப் பற்றி ஆவணம் இல்லை என்று கூற முடியாது. 1752ஆம் ஆண்டளவில் அவர் தம் சிப்பாய்களுடன் ராபர்ட் கிளைவின் கீழ் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளிப் போர்களிலும், 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோதும் அவர் ஆற்றிய பணி கம்பெனியாரின் குறிப்புகளில் இடம்பெற்றுள்ளது. பூலித்தேவரோடு அவர் நிகழ்த்திய போர்கள் இன்றைய தென்காசி மாவட்டத்து நெற்கட்டுஞ்செவல், வாசுதேவநல்லூர் முதலிய இடங்களில் நடந்தவை. பின்னர் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியோடும் கம்பெனியோடும் முரண்பட்டு, மதுரைக் கோட்டையில் நெடுநாள் முற்றுகையைத் தாங்கி, தம்மைச் சார்ந்தோராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு மாண்டார்.

இந்நிகழ்ச்சிகளைக் கம்பெனியின் கடிதங்களிலும் படைத்துறை ஆலோசனைக் குறிப்புகளிலும் காணலாம். அக்காலத்தை எழுதிய ராபர்ட் ஓர்மின் நூலிலும் அவர் பலமுறை பேசப்படுகிறார். இவற்றையெல்லாம் தொகுத்து எஸ். சி. ஹில் என்பார் 1914இல் கான்சாகிபைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். தமிழில் 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலும் உண்டு. மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலமும் பள்ளிவாசலும் உள்ளன. கான்சாபுரம், கான்சாமேட்டுத் தெரு ஆகிய பெயர்கள் அவரை இன்றும் நினைவூட்டுகின்றன.

இத்துணைச் சான்றுகளிலும் அவர் வாழ்வின் இறுதிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஒளி பெறுகின்றன. அதற்கு முற்பட்ட காலம் இருளில் உள்ளது. காரணம் எளிது. அதிகாரத்திற்கு ஒருவர் தேவைப்படும்போதும், அதிகாரத்திற்கு அவர் பகையாகும்போதும் மட்டுமே அவரைப் பற்றி அக்காலக் கம்பெனி எழுதியது. படைக்கு எத்தனை சிப்பாய்களைக் கொண்டு வந்தார் என்பது அதற்குத் தேவை. தந்தையார் பெயர் தேவையன்று.

பிறப்புப் பற்றிய செய்திகள்

அவர் சுமார் 1725இல் இராமநாதபுரச் சீமையில் பனையூர் என்னும் ஊரில் வேளாளர் குடியிற் பிறந்தவர். மருதநாயகம் என்பது இயற்பெயர். இளமையில் இசுலாத்தைத் தழுவினார் என்பது இன்று பெருவழக்காயுள்ள செய்தி. 1997இல் தொடங்கப்பெற்று நிறைவு பெறாது நின்ற திரைப்படம் ஒன்றினால் மருதநாயகம் என்னும் பெயர் மேலும் பரவியது. இச்செய்தியைத் துண்டு துண்டாகப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, 1725 என்பது பதிவு செய்யப்பெற்ற ஆண்டன்று. அவர் படையில் உயர்ந்த காலத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணித்த மதிப்பீடு. ஆகவே, 'சுமார்' என்னும் சொல்லை விட்டுவிட்டு அவ்வாண்டை எழுதுவது தவறாகும். இரண்டாவது, மருதநாயகம் என்னும் பெயர். கம்பெனியார் அவரை யூசுப்கான் என்னும் பெயரின் பலவகைத் திரிபுகளாலேயே குறித்தனர். இயற்பெயர் நம் நாட்டு வழக்கின் வழியாக வருவது. அதனால் அது பொய்யென்று ஆகாது. எனினும் அது வேறுவகைச் சான்று என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். மூன்றாவது, பெற்றோர். தந்தை இன்னார், தாய் இன்னார் என்று அவர் வாழ்ந்த காலத்தே எழுதப்பெற்று, எல்லாராலும் ஏற்கப்பெற்ற சான்று ஒன்றும் இல்லை.

ஆகவே இறப்பு உறுதி. தொழிலும் பதவியும் உறுதி. பிறந்த சீமை வலுவான மரபு. பிறந்த ஆண்டு மதிப்பீடு. பெற்றோர் பெயர் அறியப்படாதது. இவ்வாறு ஒவ்வொரு செய்திக்கும் அதற்குரிய தரத்தை வழங்குவதே ஆய்வின் முதற்படி. எல்லாவற்றையும் ஒரே குரலில் 'வரலாறு' என்று கூறுவதும், ஒன்று உறுதியில்லை என்பதற்காக அனைத்தையும் 'கட்டுக்கதை' என்று தள்ளுவதும் ஒரே வகைப் பிழைகளாம்.

கிளைவும் கான்சாகிபும்

கான்சாகிபு யாருக்குக் கீழ்ச் சேர்ந்தாரோ அந்தக் கிளைவின் பிறந்த நாள் 1725 செப்டம்பர் 29. பிறந்த இடம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டம். தந்தை ரிச்சர்டு, தாய் ரெபெக்கா. கிளைவு 1753இல் சென்னைக் கோட்டைத் தூய மேரி தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டதும் நாளோடு தெரிகிறது. ஏறத்தாழ ஒரே வயதினராகக் கருதப்படும் இருவருள் ஒருவருக்கு எல்லாம் தெரிகின்றன. மற்றவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இவ்வேறுபாடு அவ்விருவரின் பெருமை சிறுமையால் விளைந்ததன்று. இங்கிலாந்தில் ஒவ்வொரு திருச்சபை வட்டமும் ஞானமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுதுதல் வேண்டும் என்று 1538இலேயே ஆணை பிறந்தது. அதனால் அங்கே சிற்றூர் உழவனின் மகனுக்கும் பிறப்புச் சான்று எஞ்சியது. நம் நாட்டில் ஊர்தோறும் நிலக்கணக்கு எழுதிய கணக்கர் இருந்தனர். மனிதர் பிறப்பை எழுதும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை. ஏடு இருந்தால் எளியவரும் நினைக்கப்படுவர். ஏடு இல்லையேல் நாடாண்டவரும் மறக்கப்படுவர்.

இலக்கிய உலகிலும் இதுவே நிலை. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் உள்ளது; பிறந்த ஊரைக் கீழக்கரை என்பாரும் நாகலாபுரம் என்பாரும் உளர். ஞானப்புகழ்ச்சி பாடிய பீர்முகம்மது அப்பா தக்கலையில் அடக்கமாகியுள்ளார்; தென்காசியிற் பிறந்தவர் என்பது வழிவழி வரும் மரபு. இருவரின் பாடல்களும் நம் கையில் உள்ளன. அவர்தம் பிறப்பை எழுதிய ஏடு இல்லை.

அறிவிப்பாளர் வரிசை

இத்தகைய இடங்களில் உண்மையை நாட நமக்கு அயலாரின் ஆய்வுமுறையை மட்டும் நம்பியிருக்க வேண்டிய தேவையில்லை. நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் பன்னூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நெறியை வகுத்தனர். செய்தியைக் கேட்டவுடன் "இதை உமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?" என்று வினவி, அறிவிப்பாளர் வரிசையாகிய சனதை முதற்கண் ஆராய்ந்தனர். அவ்வறிவிப்பாளர் ஒவ்வொருவரும் எப்போது வாழ்ந்தார், எங்கு வாழ்ந்தார், தமக்கு முன்னவரை நேரிற் சந்தித்திருக்க இயலுமா, நினைவாற்றல் உடையவரா என்பனவற்றை ஆராய அஸ்மாவுர் ரிஜால் என்னும் தனிக்கலையே வளர்ந்தது. ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த இமாம் புகாரி நபிமொழித் தொகுப்பை மட்டுமன்றி, அறிவிப்பாளர்களின் வரலாற்றைக் கூறும் தாரீகுல் கபீர் என்னும் நூலையும் எழுதினார்.

குடும்ப வரலாற்றைத் தேடுவார்க்கு இந்நெறி மூன்று பாடங்களைக் கற்பிக்கிறது.

ஒன்று, சொன்னவரைக் குறித்தல். "எங்கள் முன்னோர் காயல்பட்டினத்திலிருந்து வந்தார்" என்று எழுதினாற் போதாது. அதை யார் கூறினார், அவருக்கு அப்போது வயதென்ன, அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் உடன் எழுதுதல் வேண்டும்.

இரண்டு, சந்திப்பை ஆராய்தல். 1930இற் பிறந்த பாட்டியார் 1925இல் இறந்தவரை நேரிற் கண்டதாகக் கூற இயலாது. அவர் கூறும் செய்தி இடையில் உள்ள ஒருவரிடமிருந்து வந்திருத்தல் வேண்டும். அவ்விடையாளர் யார் என்று கண்டறிதலே அடுத்த பணி.

மூன்று, சான்றுகளை எண்ணாது எடையிடுதல். பத்து நூல்கள் பனையூர் என்று எழுதினாலும், ஒன்பது நூல்கள் முதல் நூலைப் பார்த்தே எழுதியிருப்பின் சான்று ஒன்றேயாம். வீட்டில் ஐந்து பிள்ளைகள் ஒரே கதையைக் கூறினாலும், ஐவரும் ஒரே தாயிடம் கேட்டிருப்பின் அறிவிப்பாளர் ஒருவரே. தொடர்பில்லாத இருவர் ஒரே செய்தியைக் கூறும்போதுதான் அது வலிமை பெறுகிறது.

ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் தரும் மயக்கம்

கான்சாகிபின் ஊராகக் கூறப்பெறும் பனையூர் என்னும் பெயரே ஓர் எச்சரிக்கையாக நிற்கிறது. அப்பெயருடைய ஊர்கள் பாண்டி நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவை உள. 1761இல் கான்சாகிபு பூலித்தேவரிடமிருந்து கைப்பற்றிய கோட்டைகளுள் ஒன்றின் பெயரும் பனையூரே. அது இராமநாதபுரச் சீமையிற் கூறப்பெறும் பனையூரன்று. சீமை இது, வட்டம் இது என்று கூறாத ஊர்ப்பெயர் பாதிச் சான்றேயாம்.

சுந்தரபாண்டியபுரத்தையே நோக்குவோம். ஊர்ப்பெயர் பாண்டிய மன்னன் ஒருவனை நினைவூட்டுகிறது. ஆனால் சுந்தரபாண்டியன் என்னும் பெயருடைய மன்னர் பலர். 1216இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் ஒருவன். 1251இல் ஆட்சிக்கு வந்த சடையவர்மன் சுந்தரபாண்டியன் மற்றொருவன். பின்னும் சிலர் உளர். கல்வெட்டின் துணையின்றி, பெயரை மட்டுங்கொண்டு ஊரின் வயதைக் கணிப்பது முறையன்று.

நம் இல்லங்களில் இம்மயக்கம் இன்னும் மிகுதி. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். மைதீன் மகன் பீர்முகம்மது, அவர் மகன் மைதீன், அவர் மகன் பீர்முகம்மது என்று நூற்றாண்டு முழுவதும் இரண்டே பெயர்கள் சுழன்று வரும். 1880ஆம் ஆண்டுப் பத்திரத்தில் வரும் மைதீனும் 1930ஆம் ஆண்டுப் பத்திரத்தில் வரும் மைதீனும் ஒருவரே என்று கொண்டால் இரு தலைமுறைகள் மறைந்துவிடும். தந்தைக்கும் மகனுக்கும் இடையே பொதுவாக இருபது முதல் முப்பத்தைந்து ஆண்டுகள் இருக்கும் என்னும் அளவுகோலைக் கொண்டு இதனைத் திருத்தலாம். பட்டப்பெயர், வீட்டுப்பெயர், தொழிற்பெயர் ஆகியவற்றை ஒதுக்காது குறித்துக்கொள்ளுதலும் நன்று. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்துக் காட்டுவதற்காகவே ஊரார் அப்பெயர்களை இட்டனர்.

ஆண்டுக் கணக்கு

தென்காசி வட்டாரத்துப் பழைய ஏடுகளில் ஆண்டு நான்கு வகையாக வரும். அவற்றை மயங்கினால் பிறப்பு ஆண்டே மாறிவிடும்.

திருநெல்வேலிச் சீமையிலும் திருவிதாங்கூரிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. அது ஆவணியில் தொடங்கும். ஆவணி முதல் டிசம்பர் இறுதிவரை கொல்லம் ஆண்டுடன் 824ஐயும், சனவரி முதல் ஆடி இறுதிவரை 825ஐயும் கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும். வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். அது சூலை முதல் நாள் தொடங்குவது. சூலை முதல் டிசம்பர் வரை 590ஐயும், சனவரி முதல் சூன் வரை 591ஐயும் கூட்டுதல் வேண்டும். பிரபவ முதலிய அறுபதாண்டு வட்டம் தனித்து நிற்பின் பயன் குறைவு. பிரபவ என்பது 1867, 1927, 1987 ஆகிய மூன்றும் ஆகலாம்.

மீசான் கற்களிலும் நிக்காஹ் பதிவேடுகளிலும் ஹிஜ்ரி ஆண்டு வரும். அது சந்திரக் கணக்கு. ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்களே. ஆகவே ஒரே எண்ணைக் கூட்டி மாற்ற இயலாது. ஹிஜ்ரிக் கணக்கில் 33 ஆண்டுகள் ஏறத்தாழ ஆங்கிலக் கணக்கில் 32 ஆண்டுகளாம். ஹிஜ்ரிப்படி அறுபது வயது என்றால் ஆங்கிலக் கணக்கில் ஐம்பத்தெட்டை ஒட்டியதே.

எல்லைக்கணக்கும் கருதத்தக்கது. தென்காசி ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் இருந்தது. சில கல் தொலைவிலுள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் முதல் நாள்வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சார்ந்திருந்தது. இவ்வூர்களுக்கிடையே கொள்வினை கொடுப்பினை எப்போதும் உண்டு. தாய்வீடு செங்கோட்டையாயின் தாயின் ஆவணமும் வேறு அரசின் ஆவணமாக இருந்திருக்கும். தென்காசி தனி மாவட்டமானது 2019இல். அதற்கு முந்திய மாவட்டப் பதிவுகள் திருநெல்வேலிப் பெயரிலேயே அமைந்தவை.

நாட வேண்டிய ஏடுகள்

பிறப்பு இறப்புப் பதிவு முதலில் நாட வேண்டியது. சென்னை மாகாணத்தில் இதற்கான சட்டம் 1899இல் பிறந்தது. இன்றைய நடைமுறைக்கு அடிப்படை 1969ஆம் ஆண்டு நடுவண் சட்டம். சிற்றூர்களில் கிராம முன்சீப்பு இப்பதிவைச் செய்து வந்தார். 1980இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. பிறந்த சில நாள்களுக்குள் பதியப்படுவதால் பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இராது. ஆகவே குழந்தை பெயரைத் தேடாது, தந்தை பெயர், ஆணா பெண்ணா, பிறந்த திங்கள் ஆகியவற்றைக் கொண்டு தேடுதல் வேண்டும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு அடுத்தது. தந்தை பெயரும் ஊரும் அறிய இது நல்ல சான்று. பிறந்த நாளுக்கு அத்துணை நல்லதன்று. வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொடச் செய்து, தொட்டால் ஐந்து வயது என்று கொண்டு, சேர்க்கைக்கு ஏற்றபடி ஒரு நாளை ஆசிரியரே எழுதிய காலம் உண்டு.

பத்திரப் பதிவு மிகச் சிறந்த சான்று. 1864ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பதிவு அலுவலகங்கள் ஏற்பட்டன. பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் "இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார்" என்று தந்தை பெயருடன் குறிக்கப்படுவர். பெண்ணாயின் தந்தை அல்லது கணவர் பெயர் இருக்கும். பெயர்வழி அட்டவணையும் சொத்துவழி அட்டவணையும் தனித்தனியே பேணப்படுவதால் ஒன்று தவறினும் மற்றொன்றின் வழியே தேடலாம்.

நிக்காஹ் பதிவேடு பெண்வழியை அறிய இன்றியமையாதது. மணமகளின் பொறுப்பாளராக நிற்பவர் பெரும்பாலும் தந்தையே; தந்தை இல்லையேல் பாட்டனார், உடன்பிறந்தார் என்று முறை செல்லும். தந்தைக்கு மாறாக அண்ணன் பெயர் இருப்பின், அந்நாளில் தந்தை உயிருடன் இல்லை என்று கருத இடமுண்டு. சாட்சியாக ஒப்பமிட்டோர் பெரும்பாலும் உறவினர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கடல் கடந்தோர்க்கு வேறு வழி உண்டு. கடையநல்லூர், தென்காசி வட்டாரத்து முஸ்லிம்கள் பலர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் சென்று வாழ்ந்தனர். அங்குப் பிறந்த பிள்ளைக்கு அவ்வூர்ப் பதிவே இருக்கும். இங்குத் தேடிப் பயனில்லை. மீசான் கற்களும், கிதாபுகளின் முதற்பக்கத்தில் அரபுத்தமிழில் எழுதி வைத்த பிறப்புக் குறிப்புகளும் எவ்வலுவலகத்திலும் கிடைக்காதவை.

ஓர் எடுத்துக்காட்டு

முறை விளங்குதற்பொருட்டுக் கற்பனையான ஒரு குடும்பத்தைக் கொள்வோம். சுந்தரபாண்டியபுரத்து மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் தந்தையைத் தேடுகிறார். பிறப்புப் பதிவு இல்லை. கிடைத்த சான்றுகள் நான்கு.

முதுமகள் ஒருவர், "தாது வருடப் பஞ்சத்தில் அவர் கைக்குழந்தையாம்" என்கிறார். தாது ஆண்டு 1876-77. மீசான் கல், ஹிஜ்ரி 1350இல் அறுபதாம் வயதில் மறைந்தார் என்கிறது. ஹிஜ்ரியில் கணக்கிட்டால் பிறப்பு 1290, அதாவது 1873-74. கொல்லம் 1081 தை மாதத்துப் பத்திரம் ஒன்றில் அவர் நிலம் விற்கிறார். அது 1906ஆம் ஆண்டின் தொடக்கம். பதினெட்டு நிறைந்தவரே விற்க இயலுமாதலின் 1888க்கு முன் பிறந்தவர் என்பது உறுதி. ஹிஜ்ரி 1340இல், அதாவது 1921-22இல், மகளின் நிக்காஹில் பொறுப்பாளராக ஒப்பமிட்டார். அப்போது உயிருடன் இருந்தார். நான்கையும் ஒப்பிட்டால், மீசான் கல் 1873ஐயும் முதுமகள் சொல் 1877ஐயும் எல்லைகளாகத் தருகின்றன. "1873க்கும் 1877க்கும் இடையே" என்று எழுதுவதே நேர்மை. ஒரு நாளைத் தேர்ந்து எழுதினால் அழகாயிருக்கும், உண்மையாயிராது.

இனிப் பெற்றோர். 1906ஆம் ஆண்டுப் பத்திரம் அவரை ஒருவர் குமாரர் என்கிறது. குடும்பத்தில் வழங்கும் கதையோ வேறொருவரைத் தந்தை என்கிறது. எது மெய்? அவர் விற்ற நிலம் அவருக்கு எவ்வாறு வந்தது என்று முன்பத்திரத்தை நோக்குதல் வேண்டும். மார்க்கச் சட்டப்படி வளர்ப்பு மகனுக்கு வாரிசுப் பங்கு இல்லை. பெற்ற மகனுக்கு நிலம் பாகமாக வரும். வளர்ப்பு மகனுக்குத் தான செட்டில்மெண்டாகவோ, மூன்றிலொரு பங்குக்கு மிகாத உயிலாகவோ வரும். நிலம் பாகமாக வந்திருப்பின் அவர் பெற்ற மகன் என்பதற்கு அது வலுவான சான்று. தானமாக வந்திருப்பின் வளர்த்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர் என்னும் ஐயம் எழும். பெற்ற பிள்ளைக்கும் தானம் வழங்குவோர் உளராதலின், ஐயத்தை முடிவாகக் கொள்ளாது, பெற்றவராகக் கருதப்படுபவரின் பாகப் பத்திரத்தில் இவர் பெயர் உளதா என்று மேலும் தேடுதல் வேண்டும்.

விரும்பாத விடைகள்

முன்னோரைத் தேடத் தொடங்குவோர் பலர் முன்கூட்டியே ஒரு விடையை மனத்திற்கொண்டு தேடுகின்றனர். அரபு நாட்டிலிருந்து வந்த வணிகர், அரசவைப் புலவர், படைத்தலைவர் ஆகியோரில் ஒருவரை வழிமுதல்வராகக் காண விழைகின்றனர். கிடைப்பதோ நெசவாளர், கூலியாள், பஞ்சத்தில் ஊர்விட்டு ஊர் வந்தவர், கலிமா சொல்லிப் புதிதாய் வந்து சேர்ந்தவர் என்பதாக இருக்கலாம். அப்போது ஏட்டை மூடிவிடுவது ஆய்வுக்கும் அறத்திற்கும் ஒவ்வாது.

கான்சாகிபின் பிறப்பைப் பற்றிய வழக்கிலும் இவ்வாசை உண்டு. 'மருதநாயகம்' என்று மட்டும் கூறி அவரது பிற்கால வாழ்வை மறைப்பார் ஒருபுறம். 'யூசுப்கான்' என்று மட்டும் கூறி முற்காலத்தை மறைப்பார் மறுபுறம். இரு பெயர்களும் ஒரே மனிதர்க்குரியவை என்று மரபு கூறுகையில், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க யாருக்கும் உரிமையில்லை. அவர் எக்குடியிற் பிறந்தார் என்பது உறுதிப்படினும் படாவிடினும், மதுரைக் கோட்டையில் அவர் நின்ற நிலை மாறப்போவதில்லை. குலமும் கோத்திரமும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே, உயர்வு இறையச்சத்திலேயே என்பது நாம் ஏற்றுக்கொண்ட கொள்கையன்றோ? வளர்ப்புப் பிள்ளையையும் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்று மறை பணிப்பதால், தந்தை பெயரை மெய்யாகப் பேணுதல் நமக்கு ஓர் அமானிதமும் ஆகும்.

இது வெறும் பெருமைக்குரிய செய்தியன்று. வாரிசுப் பங்கு பெற்றோர் யார் என்பதில் நிற்கிறது. தந்தை பெயர் ஓர் ஏட்டில் ஒருவிதமாகவும் மற்றோர் ஏட்டில் வேறுவிதமாகவும் இருப்பதால் பட்டா மாறுதலும் கடவுச்சீட்டும் தடைப்படுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசுப்பணி வரை பிறப்புச் சான்றே பிறந்த நாளுக்குரிய ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. இனி வருவோர்க்கு வழி எளிது. சென்ற தலைமுறைகளுக்கே நம் உழைப்பு தேவைப்படுகிறது.

முடிவுரை

கான்சாகிபின் தந்தை பெயரை இன்று நாம் அறியாதிருப்பதற்குக் காரணம், அதை அறிந்திருந்தவர் எவரும் அந்நாளில் எழுதி வையாமையே. அவரோடு இளமையிற் பழகியோர் இருந்தனர், மனைவியார் இருந்தார், மகன் இருந்தான். கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். கேட்பாரின்றி அக்காலம் கழிந்தது.

நம் இல்லங்களில் அக்காலம் இன்னும் கழிந்துவிடவில்லை. மாணவர்கள் இவ்விடுமுறையில் தம் வீட்டு முதியோரிடம், சிறப்பாக உம்மாவின் தாயாரிடமும் வாப்பாவின் தாயாரிடமும் அமர்ந்து, பெற்றோர், பெற்றோரின் பெற்றோர், பிறந்த ஊர், மணந்த ஊர், அடக்கமான ஊர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். ஆண்டு நினைவில்லை என்பாரிடம் பஞ்சம், வெள்ளம், 1904இல் செங்கோட்டை புனலூர் மலைப்பாதையில் இரயில் ஓடத் தொடங்கியது, செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது போன்ற நிகழ்ச்சிகளைக் கூறி, அதற்கு முன்னோ பின்னோ என்று வினவலாம். சொன்னவர் பெயரையும் கேட்ட நாளையும் அடியிற் குறித்தல் வேண்டும்.

ஜமாஅத்துப் பெரியோர் பள்ளிவாசல்களிலுள்ள பழைய நிக்காஹ் பதிவேடுகளைக் கறையான் வாய்ப்படாமற் காத்து, படியெடுத்து வைக்க முன்வருதல் வேண்டும். மழையில் தேய்ந்துவரும் மீசான் கற்களின் எழுத்துக்களை இளைஞர்கள் படித்தெழுதலாம். தமிழ் பயில்வார்க்குப் பழைய எழுத்தையும் கொல்லம் ஆண்டையும் படிக்கும் பயிற்சி உண்டு; அப்பயிற்சி ஊருக்குப் பயன்படும் இடம் இதுவே. அறிந்ததை அறிந்தது என்றும், கேட்டதைக் கேட்டது என்றும், அறியாததை அறியாதது என்றும் பிரித்தெழுதும் பழக்கத்தோடு இப்பணியை இன்றே தொடங்குவோமாக.